மூன் ஆற்றங்கரையில் லாவோ மக்கள் எழுப்பிய விகாரை: வாட் மகாவனாராமின் வரலாறு

தாய்லாந்தில் லாவோ மக்கள் குடியேறிக் கட்டிய பழைய புத்த விகாரை எதுவும் இருக்கிறதா, இருந்தால் அவர்கள் ஏன் சொந்த ஊரை விட்டு வந்தார்கள், விகாரை எப்படி எழுந்தது என்று கேட்டிருந்தீர்கள். தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியான ஈசானில் இப்படிப்பட்ட விகாரைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. எல்லாவற்றையும் மேலோட்டமாகச் சொல்வதைவிட ஒன்றை எடுத்துக்கொண்டு விரிவாகச் சொல்கிறேன். உபோன் ராட்சதானி நகரத்தில் இருக்கும் வாட் மகாவனாராம். உள்ளூர்க்காரர்கள் அதை வாட் பா யாய், அதாவது பெரிய காட்டு விகாரை என்றுதான் சொல்வார்கள். அந்த நகரத்தையே நிறுவியவர்கள், இன்று லாவோஸின் தலைநகரமாக இருக்கும் வியஞ்சானிலிருந்து தப்பி வந்த லாவோ குடும்பங்கள். அதனால் விகாரையின் கதையும் நகரத்தின் கதையும் சேர்ந்தே வரும்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். மேக்கொங் ஆற்றின் இரு கரைகளிலும் பரவியிருந்த லான் சாங் என்ற லாவோ அரசு, 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் சூரியவொங்சா மன்னர் இறந்த பிறகு வாரிசுச் சண்டையில் சிதறியது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது லுவாங் பிரபாங், வியஞ்சான், சம்பாசக் என்று மூன்றாகிவிட்டது. ஒன்றையொன்று நம்பாத மூன்று சிறிய அரசுகள். ஒரு பக்கம் பர்மா, ஒரு பக்கம் வியட்நாம், தெற்கே சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து. இந்த நிலையில் ஒரு அரசவைப் பூசல் வந்தால் அது அரண்மனைக்குள்ளேயே முடிந்துவிடாது. பூசலில் தோற்றவர் தம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த அரசின் எல்லைக்குப் போய்விடுவார், அங்கே போர் மூளும்.

அப்படித்தான் நடந்தது. வியஞ்சானில் சிரிபுன்யசான் ஆண்ட காலத்தில் பிரா தா, பிரா வோ என்ற இரண்டு பெரிய பிரபுக்கள் மன்னரோடு முரண்பட்டார்கள். காரணம் என்ன என்பதில் நாளாகமங்கள் ஒத்துப்போவதில்லை. மன்னர் அரியணை ஏற இவர்கள் உதவியும் எதிர்பார்த்த பதவி கிடைக்கவில்லை என்பது அதிகம் சொல்லப்படுவது. இருவரும் தங்களைச் சேர்ந்த குடும்பங்களோடு மேக்கொங்கைக் கடந்து மேற்கே வந்து, இன்றைய நொங் புவா லாம்பூவில் ஒரு அரண் கட்டி உட்கார்ந்தார்கள். வியஞ்சான் படை அனுப்பியது. அந்தச் சண்டையில் பிரா தா இறந்தார். பிரா வோ எஞ்சியவர்களை அழைத்துக்கொண்டு தெற்கே சம்பாசக் அரசரிடம் அடைக்கலம் போனார். அங்கேயும் நிலைக்கவில்லை. கடைசியில் மூன் ஆற்றுப் பகுதியில் டொன் மொட் டேங் என்ற இடத்தில் தங்கியிருந்தபோது வியஞ்சான் படை மறுபடியும் வந்து அவரைக் கொன்றது.

அவருடைய ஆட்கள் சயாமிடம் முறையிட்டார்கள். அப்போது தோன்புரியில் ஆண்ட தக்சின் மன்னருக்கு இது நல்ல வாய்ப்பு. பிற்காலத்தில் முதலாம் ராமா என்ற சயாம் மன்னர் ஆகப்போகிற தளபதியின் தலைமையில் அவர் அனுப்பிய படை 1779இல் வியஞ்சானைப் பிடித்தது. இன்று பாங்காக்கின் அரண்மனைக் கோவிலில் இருக்கும் மரகத புத்தர் அந்தப் படையெடுப்பில்தான் வியஞ்சானிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டார். மூன்று லாவோ அரசுகளும் சயாமுக்குக் கட்டுப்பட்டவை ஆயின.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். பலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். சராபுரி, ராட்சபுரி போன்ற மத்திய தாய்லாந்துப் பகுதிகளில் உள்ள பழைய லாவோ ஊர்கள் பெரும்பாலும் போர்க் கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் ஊர்கள். அவர்களுக்கு எங்கே போவது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. உபோனுக்கு வந்தவர்கள் தங்கள் அரசரோடு பகைத்துக்கொண்டு, தங்கள் தலைவர்களின் கீழே, துறவிகளையும் திருவுருவங்களையும் கூட்டிக்கொண்டு வந்தவர்கள். அதனால்தான் அவர்களால் ஒரு முழு நகரத்தைத் தங்கள் வழக்கப்படியே திட்டமிட முடிந்தது. கைதிகளின் ஊர்களில் சின்ன விகாரைகள் எழுந்தன, இங்கே ஒரு தலைநகரத்துக்கு உரிய விகாரை அமைப்பே எழுந்தது.

பிரா தாவின் மகன் காம் போங் இப்போது தலைவர். அவர் மக்களோடு ஒன்றிரண்டு இடங்கள் மாறி, மூன் ஆற்றின் வடகரையில் மேடான, வெள்ளம் ஏறாத ஒரு காட்டுப் பகுதியில் நிலைத்தார். 1791இல் சம்பாசக்கில் சியெங் கேவ் என்பவர் கிளர்ச்சி செய்தபோது அதை அடக்கியவர்கள் காம் போங்கும் அவர் தம்பி பாய் நாவும். பலனாக, தம்பிக்குச் சம்பாசக்கின் ஆட்சி கிடைத்தது. அண்ணனின் குடியிருப்பு 1792இல் முதலாம் ராமாவின் ஆணையால் உபோன் ராட்சதானி என்ற நகரமாக உயர்த்தப்பட்டது. காம் போங்குக்குப் பிரா பதும் என்று தொடங்கும் நீண்ட பட்டம். அடைக்கலம் தேடி அலைந்த ஒரு கூட்டம் ஒரு தலைமுறைக்குள் ஒரு நகரத்தின் உரிமையாளர்கள் ஆகிவிட்டது. அதற்குக் கொடுத்த விலை பாங்காக்குக்கு அடங்கி நடப்பது.

இனி விகாரைகளுக்கு வருவோம். பிரா பதும் முதலில் ஆற்றங்கரையிலேயே கட்டியது வாட் லுவாங். 1781 என்று அதற்கு ஆண்டு சொல்வார்கள். நகரம் என்று முறைப்படி அறிவிக்கப்படுவதற்கு முன்பே விகாரை வந்துவிட்டது, கவனியுங்கள். வீடும் வயலும் ஓரளவு அமைந்ததும் அடுத்த வேலை இதுதான். ஊரில் பையன்கள் எழுத்துப் படிப்பது விகாரையில், இளைஞர்கள் சில மாதம் துறவு பூணுவது விகாரையில், இறந்தவருக்குப் புண்ணியம் சேர்ப்பதும் விகாரையில். அது இல்லாவிட்டால் அந்த மக்கள் கண்ணில் அந்த இடம் ஊரே இல்லை.

ஆனால் ஒன்று போதவில்லை. பழைய பௌத்த மரபில் துறவிகள் இரண்டு வகை. ஊருக்குள் இருந்து நூல் கற்று, கற்பித்து, மக்களின் சடங்குகளை நடத்துபவர்கள் ஒரு வகை. ஊருக்கு வெளியே காட்டில் தியானத்தில் இருப்பவர்கள் இன்னொரு வகை. இலங்கையின் கிராமவாசி, அரண்யவாசி பிரிவுகளைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது உடனே புரியும், அதே மரபுதான் இது. லாவோ நகரம் என்றால் இரண்டும் வேண்டும். ஆற்றங்கரையில் வாட் லுவாங் ஊர் விகாரை ஆனதும், வடக்கே அடர்ந்த காடாக இருந்த இடத்தில் தியானத் துறவிகளுக்கென்று வாட் பா லுவாங் மணிசோட் அமைந்தது. இன்றைய வாட் மகாவனாராம் அதுதான். மகாவனாராம் என்பது பிற்காலத்தில் வந்த பாலிப் பெயர். நகரம் வளர்ந்து காட்டை விழுங்கிவிட்டதால் இன்று போனால் சுற்றிலும் கடைகளும் பள்ளிகளும் வண்டிகளும்தான். பெயரில் மட்டும் காடு இருக்கிறது.

காம் போங் 1795இல் இறந்தார். அடுத்து வந்தவர் அவருடைய தம்பி திட் பிரோம். நீண்ட காலம் ஆண்டவர், 1840கள் வரை. காட்டுத் தங்குமிடமாக இருந்த வாட் பா லுவாங்கை முழுமையான விகாரையாக மாற்றியது அவர் காலத்தில்தான். 1807இல் அங்கே பெரிய புத்தர் உருவம் நிறுவப்பட்டது. பிரா சாவ் யாய் இன் பிளேங் என்பது அந்த உருவத்தின் பெயர். இந்திரன் ஆக்கிய பெரிய புத்தர் என்று பொருள். மடி அகலம் சுமார் 3 மீட்டர், உயரம் சுமார் 5 மீட்டர். செங்கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்டு கட்டி, அரக்கு பூசித் தங்க இலை ஒட்டியது. வலது கை முழங்கால்மேல் விழுந்து பூமியைத் தொடும் நிலை, அதாவது தியானத்தைக் கலைக்க வந்த மாரனைப் புத்தர் வென்ற தருணம். முகம் லாவோ சிற்பிகளின் முகம். பழைய தாய் அரசான சுகோதாயின் புத்தர்களுடைய நீண்ட மென்மையான முகத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கொஞ்சம் உறுதியாக, நேராகத் தெரியும்.

இதே பெயரில் வியஞ்சானிலும் ஒரு பழைய விகாரை இருக்கிறது, வாட் இன்பெங். எனக்கு இது தற்செயலாகத் தோன்றவில்லை. விட்டு வந்த தலைநகரத்தின் பெயர்களையும் அமைப்பையும் புதிய இடத்தில் மறுபடி நட்டிருக்கிறார்கள். மன்னரோடுதான் அவர்களுக்குப் பகை, வியஞ்சானோடு இல்லை. ஊர் விகாரை, காட்டு விகாரை, பெரிய புத்தர், இவை எல்லாம் சேர்ந்து ஒரு வியஞ்சானை மூன் ஆற்றங்கரையில் எழுப்பும் முயற்சியாகவே நான் இந்த விகாரையைப் பார்க்கிறேன்.

அந்த 1807ஆம் ஆண்டை நமக்குச் சொல்வது விகாரையிலேயே இருக்கும் கல்வெட்டு. அது தாய் எழுத்தில் இல்லை, தாம் எழுத்தில் இருக்கிறது. தாம் என்றால் தர்மம். சமய நூல்களுக்கென்றே லாவோ, ஈசான், வட தாய்லாந்தின் லான்னா பகுதிகளில் வழங்கிய எழுத்து அது. மோன் எழுத்து வழியாக வந்தது, மோன் எழுத்தின் வேர் பல்லவர் காலத் தென்னிந்திய எழுத்தில் இருக்கிறது. வட்டம் வட்டமாகச் சுழித்து எழுதியிருப்பதைப் பார்த்தால் கிரந்தம் தெரிந்தவர்களுக்கு ஒரு கணம் பழக்கப்பட்டது போலவே இருக்கும். இங்கும் சுவடிகள் பனை இன ஓலையில்தான், எழுத்தாணியால் கீறிக் கரி பூசும் முறையும் நமக்குத் தெரிந்ததுதான்.

கட்டடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். லாவோ விகாரையில் மையமானது சிம். எல்லைக் கற்கள் நட்ட, துறவு ஏற்பு நடக்கும் சிறிய மண்டபம். சில துறவிகள் கூடினால் போதும் என்பதால் அது சின்னதாகவே இருக்கும். மக்கள் கூடுவதற்குத் தனியாக ஒரு கொட்டகை. சுவர் எழுப்ப ஈசான் கொத்தனார்கள் சுண்ணாம்பும் மணலும் சேர்த்து, மரப்பட்டைப் பசையும் எருமைத்தோலைக் காய்ச்சி எடுத்த கோந்தும் கலந்த ஒரு சாந்தைப் பயன்படுத்தினார்கள். நம் ஊரில் சுண்ணாம்போடு கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்ப்பது போல.

இந்தப் பழைய கட்டடங்களில் பல இன்று இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். வாட் லுவாங்கின் அழகான பழைய சிம் பழைய புகைப்படத்தில்தான் மிச்சம். அது இடிக்கப்பட்டு, அந்த இடத்தில் மத்திய தாய்லாந்துப் பாணியில் புதியது வந்தது. வாட் மகாவனாராமிலும் பெரிய புத்தர் பழையவர், அவரைச் சுற்றியிருக்கும் மண்டபம் புதியது, பளபளக்கும் பாங்காக் பாணி. பாங்காக்கில் இருப்பதுதான் உயர்ந்தது, நம்முடையது பட்டிக்காட்டு வேலை என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டில் ஈசான் முழுக்கப் பரவியிருந்தது. நன்கொடை கொடுத்தவர்கள் பக்தியோடுதான் கொடுத்தார்கள். ஆனால் அந்தப் பக்தி இடித்துத் தள்ளியதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பழைய லாவோ சிம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் அதே ஊரில் வாட் சேங் இருக்கிறது. அளவில் சிறியது, மர வேலைப்பாடு நுணுக்கமானது, வாசல் படிக்கட்டில் உருவங்கள். உபோனில் ஒரே ஒரு கட்டடம் பார்க்க நேரமிருந்தால் அதைப் பாருங்கள் என்பேன்.

அதற்கு அடுத்தபடியாக வாட் துங் சி முவாங். மூன்றாம் ராமா காலத்தில் (1824–1851) எழுந்தது. அங்கே குளத்தின் நடுவே மரக்கால்கள்மேல் நிற்கும் சுவடி மண்டபம் ஒன்று இருக்கிறது. கரையான் ஓலையைத் தொடக் கூடாது என்பதற்காகத் தண்ணீருக்கு நடுவே கட்டியது. கூரை அடுக்குகளில் தாய், லாவோ, பர்மிய வேலைப்பாடுகள் மூன்றும் கலந்திருக்கின்றன.

சரி, வரலாற்றுக்குத் திரும்பலாம். 1826இல் வியஞ்சானின் கடைசி மன்னர் அனுவோங் சயாமுக்கு எதிராக எழுந்தார். அவருடைய மகன் அப்போது சம்பாசக்கின் ஆட்சியாளர், உபோன் அவர் வழியில் இருந்தது. எழுச்சி தோற்றது. 1827–28இல் சயாமியப் படை வியஞ்சானைச் சூறையாடி எரித்தது, விகாரைகளில் வாட் சி சகெட் போல மிகச் சிலவே தப்பின. மேக்கொங்கின் கிழக்குக் கரையிலிருந்து மக்களைக் கூட்டம் கூட்டமாக மேற்குக் கரைக்கு நகர்த்தினார்கள். ஈசானில் உள்ள பல லாவோ ஊர்கள் அதற்குப் பிறகு உருவானவைதான். இன்று லாவோஸ் நாட்டில் இருப்பதைவிட அதிக லாவோ மொழி பேசுபவர்கள் தாய்லாந்தில் இருப்பதற்கு அந்தக் கட்டாய இடப்பெயர்வும் ஒரு காரணம். தாயகமான வியஞ்சான் அழிந்த பிறகும் அதன் பிள்ளைகள் கட்டிய விகாரை உபோனில் நின்றது.

இதில் இன்னொரு திருப்பமும் உண்டு. 1866இல் உபோனின் ஆட்சியாளராகப் பாங்காக் நியமித்தது அனுவோங்கின் வழியில் வந்த ஒரு இளவரசரை. வியஞ்சான் மன்னரோடு பகைத்து வந்தவர்களின் ஊருக்கு, வியஞ்சான் அரச குடும்பத்திலிருந்தே தலைவர். உள்ளூர்ப் பிரபுக்களுக்கு இது பிடிக்கவில்லை. முன்னோர்கள் வியஞ்சானிலிருந்து கொண்டுவந்த புட்சரகம் என்ற புஷ்பராகக் கல் புத்தரை, புதியவர் பாங்காக்குக்கு அனுப்பிவிடுவாரோ என்று பயந்து ஒரு கிராமத்தில் ஒளித்துவைத்தார்கள் என்று சொல்வார்கள். மரகத புத்தர் போன வழியை அவர்கள் மறக்கவில்லை. அந்தச் சிறிய புத்தர் இன்று வாட் சி உபோன் ரத்தனாராமில் இருக்கிறார். ஆண்டுதோறும் ஏப்ரலில், சொங்க்ரான் புத்தாண்டின்போது, நகரத்தைச் சுற்றி ஊர்வலம் வருகிறார்.

பாங்காக்கின் கை மெதுவாக விகாரைக்குள்ளும் வந்தது. பிற்காலத்தில் நான்காம் ராமா மன்னர் ஆன மொங்குட், இளவரசராகத் துறவில் இருந்தபோது தொடங்கிய தம்மயுத் என்ற சீர்திருத்தப் பிரிவின் முதல் ஈசான் விகாரை, வாட் சுபட்டனாராம், 1853இல் உபோனில்தான் எழுந்தது. அதற்குத் தலைமை ஏற்றவர் உபோனைச் சேர்ந்த துறவி. வாட் மகாவனாராம் போன்ற பழைய விகாரைகள் மகாநிகாயம் என்ற பழைய பிரிவிலேயே தொடர்ந்தன. 1893இல் மேக்கொங்கின் இடது கரை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதும் நிலைமை வேகமாக மாறியது. எல்லையில் இருக்கிற மக்களை லாவோ என்று அழைத்தால், லாவோஸை வைத்திருக்கும் பிரெஞ்சுக்காரர் அவர்களையும் கேட்பார்கள் என்ற அச்சம் பாங்காக்குக்கு. உபோனைத் தலைமையிடமாகக் கொண்ட நிர்வாகப் பகுதிக்கு லாவோ காவ் என்று இருந்த பெயர் 1899–1900இல் மாற்றப்பட்டு, கடைசியில் ஈசான் ஆனது. நம் ஈசானிய மூலைதான், வடகிழக்கு என்ற வெறும் திசைப் பெயர். 1902இல் வந்த துறவியர் சங்கச் சட்டம் எல்லா விகாரைகளையும் பாங்காக்கின் ஒரே அமைப்பின் கீழ் கொண்டுவந்தது. பள்ளிகளில் மத்தியத் தாய் மொழி வந்தது, தாம் எழுத்துப் படிக்கும் பையன்கள் குறைந்தார்கள்.

எல்லோரும் அமைதியாக ஏற்றுக்கொள்ளவில்லை. அதே 1901–02இல் புண்ணியவான்களின் கிளர்ச்சி என்று சொல்லப்படும் எழுச்சி உபோன் பகுதியில் வெடித்தது. சரளைக்கல் பொன்னாகும், உலகம் புரளும் என்று ஓலைச்சுவடி வாக்குகள் ஊர் ஊராகப் பரவின. வரிச்சுமையாலும் பதவி இழப்பாலும் நொந்திருந்த மக்கள் திரண்டார்கள். சபூ என்ற கிராமத்தில் அரசுப் படையின் பீரங்கி முன் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள்.

உபோன் இன்று உலகளவில் அறியப்படுவது காட்டுத் துறவிகளால். 1870இல் இந்த மாகாணத்தில் பிறந்த ஆச்சான் மன் 1893இல் மேலே சொன்ன வாட் சி உபோனில்தான் துறவு ஏற்றார். ஆச்சான் சா 1954இல் நிறுவிய வாட் நொங் பா பொங், நகரத்துக்கு அருகிலேயே இருக்கிறது. அவர் 1975இல் வெளிநாட்டுச் சீடர்களுக்கென்று வாட் பா நானாசாட்டை அமைத்தார். இவர்களையும் 18ஆம் நூற்றாண்டு வாட் பா லுவாங்கையும் நேர்க்கோடு போட்டு இணைத்துவிடக் கூடாது. ஆச்சான் மன் தம்மயுத் பிரிவைச் சேர்ந்தவர், அவருடைய ஒழுங்கு அந்தச் சீர்திருத்தத்தில் ஊறியது. ஆனாலும், ஊருக்கு ஒரு காட்டு விகாரை வேண்டும், அங்கே இருப்பவருக்குச் சோறு போடுவது நம் கடமை என்ற எண்ணம் அந்த மண்ணில் முன்பே வேரோடியிருந்தது. அது இல்லாமல் இவர்களுடைய இயக்கம் இங்கே இவ்வளவு எளிதாகத் தழைத்திருக்காது என்பது என் கருத்து.

இப்போது வாட் மகாவனாராம் அரச விகாரை என்ற தகுதி பெற்றது. வெளியே எங்கும் லாவோ என்ற சொல் கண்ணில் படாது, வழிகாட்டிப் பலகை முழுக்கத் தாய். உள்ளே வரும் பாட்டிமார்கள் பேசுவது லாவோதான், அவர்கள் அதை ஈசான் மொழி என்று சொல்வார்கள். சந்திர நாட்காட்டியின் ஐந்தாம் மாதப் பௌர்ணமியில், பெரும்பாலும் ஏப்ரலில், பெரிய புத்தருக்குத் திருவிழா. அன்னதானம், நீராட்டு, தங்க இலை ஒட்டுதல், அப்புறம் புத்தரின் முற்பிறவிக் கதைகளில் ஒன்றான வெஸ்ஸந்தர ஜாதகத்தை முழுவதும் ஓதும் நிகழ்ச்சி. எல்லாவற்றையும் தானமாகக் கொடுத்த அந்த இளவரசனின் கதைதான் லாவோ மக்களுக்கு மிக நெருக்கமான ஜாதகக் கதை. போவதாக இருந்தால் அந்த மாதத்தில் போங்கள். பெரிய புத்தரைப் பார்த்துவிட்டு, கல்வெட்டைக் கேட்டுப் பாருங்கள். அப்புறம் துங் சி முவாங்கின் சுவடி மண்டபம், வாட் சேங், கடைசியாக ஆற்றங்கரையில் வாட் லுவாங். எல்லாம் ஒரே நகரத்துக்குள் இருப்பதால் ஒரு நாளில் முடித்துவிடலாம்.